இடித்திரி

“நாலு மணி நேரம். சாயங்கால மணிக்கு முன்னால முடிஞ்சிடும்” என்றார் கோயிலில் மணியடிக்கும் கோயில்பிள்ளை, சாகக் கிடந்த கிழவரின் கால்விரல் நகங்களை அமுக்கிப் பார்த்துவிட்டு. “நான் குறிச்ச நேரம் தப்பாது. ஆலைக்காரன் பொண்டாட்டி ஒருத்திதான் ஏமாத்தினா. எழுந்து உக்காந்து முட்டைக்கோஸ் சூப்பு கேட்டா.”

யாரும் சிரிக்கவில்லை. டோப்ரவா அப்பாவின் உதடுகளைத் தேன்நீரால் நனைத்தாள். தலைமாட்டில் அம்ப்ரோஷி சாமியார் ஜெபப் புத்தகத்தை விரித்தார். இரண்டு வருடத்துக்குப் பிறகு இன்றுதான் அவர் இந்த வீட்டுப் படியை மிதிக்கிறார்.

அவள் தம்பி போகுமில் இரவெல்லாம் கூரைமேல் உட்கார்ந்து நட்சத்திரங்களை அளந்தவன். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று எழுதினான். அவனைக் கூரையில் பார்த்து ஆயரின் ஆட்களிடம் சொன்னவர் இந்தக் கோயில்பிள்ளை. தீர்ப்பைப் பலிபீடத்தின் முன் நின்று வாசித்தவர் இந்தச் சாமியார். சந்தைத் திடலில் அவனை எரித்தார்கள். அவன் தாள்களையும் எரித்தார்கள். எல்லாவற்றையும் அல்ல.

“இடித்திரி எங்கம்மா?” என்றார் கோயில்பிள்ளை.

காலையிலிருந்து அவள் இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்தாள். வீட்டுக்கு ஒரே ஒரு இடித்திரி. பிப்ரவரியில் மாதா திருநாளுக்குக் கோயிலில் கொண்டுபோய் வைத்து, மந்திரித்து, மறுநாள் வாங்கி வருவார்கள். இடி இடித்தால் ஜன்னலில் ஏற்றும் மெழுகுதிரி அது. இல்லையென்றால், உயிர் பிரிகிறவர் கையில். அதை யாரும் இரவல் தரமாட்டார்கள். தந்தால் வீட்டின் நல்லகாலமும் கூடவே போய்விடும்.

டோப்ரவா மெழுகுதிரி செய்கிறவள். கோயிலுக்குப் போவதும் அவள் செய்ததுதான். தம்பியைப் பிடித்துக்கொண்டு போன அன்று, அடுப்பங்கரையில் தப்பிய பன்னிரண்டு தாள்களை நூலோடு சேர்த்து இறுக்கிச் சுருட்டினாள். மேலே தேன்மெழுகை ஊற்றி, வீட்டு இடித்திரியாக்கினாள். மந்திரித்த பொருளை உடைத்துப் பார்க்க எவனுக்கும் தைரியம் வராது என்று கணக்குப் போட்டாள். அதைக் கொளுத்தவும் ஒரு நாள் வரும் என்பது மட்டும் கணக்கில் விட்டுப்போயிற்று.

இடித்திரி ஈரமாகிவிட்டது, எரியாது என்று சொல்லிப் பார்த்தாள். பட்டறையிலிருந்து வேறொன்று எடுத்து வரட்டுமா என்றாள்.

“மந்திரிக்காததையா? அப்பன் போற நேரத்துல இப்படி ஒரு கஞ்சத்தனமா?” என்றார் கோயில்பிள்ளை.

சாமியார் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். “கொளுத்தும்மா. ஒண்ணும் ஆகாது.”

சொல்லும்போது அவர் அவளையே பார்த்தார். தெரிந்துவிட்டது இவருக்கு. தாள் எரிந்தால் கரும்புகை வரும், நாற்றம் வரும். தம்பிக்கு அடுக்கிய விறகு அவளுக்கும் கிடைக்கும்.

அப்பா கண்ணைத் திறந்தார். வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன.

“போகுமில் கையில வெளிச்சமில்லாம போனான். நானும் அப்படித்தான் போகணுமா, டோப்ரவா?”

அவள் எழுந்தாள். மாதா படத்தின் பின்னாலிருந்து இடித்திரியை எடுத்தாள். தம்பி கூரைமேல் கழித்த ஒன்பது வருட இரவுகள் அதற்குள் இருந்தன. கட்டிலில் இருந்தது அப்பா. அடுப்புத் தணலில் நூலைப் பற்றவைத்து, அவர் விரல்களை அதைச் சுற்றி மடக்கி, தன் கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

காத்திருந்தாள். ஒரு விரற்கடை எரிந்தது. இரண்டு விரற்கடை எரிந்தது. நெருப்பு இந்நேரம் தாளைத் தொட்டிருக்க வேண்டும். புகை வரவில்லை. சுடர் நடுங்காமல் நின்றது. அறையெல்லாம் தேன் வாசனை.

“நல்லா எரியுது” என்றார் அப்பா.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. வெயில் சுவரேறி மங்கும்போது மூச்சு நின்றது.

“சொன்னேன்ல” என்றார் கோயில்பிள்ளை, ஆனால் மெதுவாக. சிலுவை போட்டுக்கொண்டு, சாவு மணி அடிக்கக் கிளம்பினார்.

வெளிக்கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை சாமியார் அசையவில்லை. டோப்ரவா அப்பாவின் கையிலிருந்த மிச்சத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் கைவேலைதான். ஆனால் உள்ளே வெறும் நூல்.

“சாமி, இது என் இடித்திரி இல்ல.”

“இல்ல. கோயில் பெட்டியில இருந்த ஒண்ணு” என்றார் சாமியார். “அந்த வருஷத் திருநாளன்னிக்கு ஊரே மெழுகுதிரிய மெழுகுதிரியாத்தான் கொண்டுவந்துச்சு. நீ மட்டும் கைக்குழந்தையத் தூக்கிட்டு வர்ற மாதிரி வந்த. அன்னிக்கு ராத்திரியே மாத்தி வெச்சிட்டேன்.”

அவள் மிச்சத் திரியைக் கட்டில்மேல் வைத்தாள். “எரிச்சிட்டீங்களா?”

தூரத்தில் முதல் மணி அடித்தது. சாமியார் ஜெபப் புத்தகத்தை மூடினார்.

“கோயில்ல பேசினா கோயில்பிள்ளை காதுல விழும். இந்த வீட்டுக்குள்ள வர எனக்கு ஒரு சாவு வேண்டியிருந்துச்சு, மகளே. பன்னிரண்டு தாளும் எங்கிட்ட இருக்கு. கோடை முழுக்க மணிக்கூண்டுமேல உக்காந்து நானே வானத்தப் பாத்தேன். அவன் குறிச்ச நாள்ல, குறிச்ச எடத்துல செவ்வாய்க் கிரகம் வந்து நின்னுச்சு.” அவர் கிழவரின் விரல்களை நேராக்கி மார்பின்மேல் வைத்தார். “தீர்ப்ப வாசிச்ச அதே வாயால சொல்றேன். உன் தம்பி கணக்கு சரி.”