வலது கைக்கு ஐம்பதாயிரம்

"ஆ காட்டுங்க... இன்னும் கொஞ்சம்." ராக்காயி நாசி லெமாக் சோற்றைப் பிசைந்து புருஷன் வாயில் ஊட்டினாள். பிச்சைமுத்துவின் வலது கை வாடிய கீரைத்தண்டாக மடியில் கிடந்தது. பச்சைப்பிள்ளை கெட்டது போங்கள், அப்படி ஒரு கவனிப்பு!

எதிரே கோப்பும் கையுமாகக் கோகிலன். தடுப்பூசி நஷ்டஈடு விசாரிக்க ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய்க்கு வந்த அதிகாரி. அவன் எழுதிக் கொடுத்தால் ஐம்பதாயிரம் வெள்ளி, இல்லாவிட்டால் சல்லிக்காசு கிடையாது. ராக்காயி முந்திக்கொண்டு ஆரம்பித்தாள்.

"ஊசி போட்ட மறுவாரமே நரம்பு செத்துப்போச்சு தம்பி. சட்டை மாட்டி விடுறதுகூட நான்தான்லா."

"வீட்ல வேற யாரும் இல்லையாக்கா?"

"மக ஜொகூர்ல வேலை செய்யுது. நாங்க ரெண்டு பேருதான். இந்தாங்க, ரம்புத்தான் சாப்பிடுங்க. காலையிலதான் பறிச்சது."

"நல்ல இனிப்பு" என்றபடி கோகிலன் வாசலை எட்டிப் பார்த்தான். மரம் கூரைக்கு மேலே வளர்ந்து நின்றது.

பிறகு குண்டூசியை எடுத்து வலது உள்ளங்கையில் நறுக்கென்று குத்தினான். பிச்சைமுத்து இமைகூடக் கொட்டவில்லை. பேனாவைத் திடீரென்று அவர் மேல் தூக்கிப் போட்டான். கை கிடந்த இடத்திலேயே கிடந்தது.

"சரிண்ணே, எனக்குத் திருப்தி." கோப்பை மூடினான். ராக்காயிக்கு அப்பாடா என்றிருந்தது.

எழுந்தவன் சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். "நேத்து கோயிலுக்குப் போனேன். முருகன் திருநீறு. கையை நீட்டுங்கண்ணே."

அடடா, திருநீற்றைப் போய் யாராவது இடக்கையில் வாங்குவார்களா? பாவம், மனுஷர் என்ன செய்வார்! தலையைக் குனிந்து, "நீங்களே பூசி விடுங்க தம்பி" என்றார் பிச்சைமுத்து.

கோகிலன் நெற்றி நிறையப் பூசிவிட்டான். பூசின கையோடு கண்ணை மூடிக்கொண்டு, தைப்பூசக் கூட்டத்தில் நிற்பவன்போல், "வேல் வேல்!" என்று ஒரு குரல் கொடுத்தான்.

"வெற்றிவேல்!" பிச்சைமுத்துவின் இரண்டு கைகளும் தலைக்கு மேலே போய்க் கும்பிட்டு நின்றன.

கோகிலன் நிதானமாகக் கோப்பைத் திறந்தான்.

"அக்கா, முருகனே குணப்படுத்திட்டாரு, இனி நஷ்டஈடு எதுக்குலா?"