பின்னறைச் சூடு

"ஜன்னலைச் சாத்து மல்சுன். ஈரக்காத்து பட்டா அவ்வளவுதான்," என்றார் பொங்சு.

"சாத்திட்டேங்க. போர்வையும் விரிச்சாச்சு," என்றாள் மனைவி.

"அடிக்கடி புரட்டி விடணும். மூணு நாளைக்குத் தரை சூடாவே இருக்கட்டும். கேஸ் போனாப் போகுது."

"அடேயப்பா! நீங்களா பேசுறீங்க?"

மார்ச்சில் பொங்சுவின் அம்மா இறந்ததிலிருந்து பூட்டிக்கிடந்த அறை அது. கிம்ச்சி ஊறுகாய்க்காகத் தோட்டத்தில் போட்டிருந்த மிளகாய், செப்டம்பர் மழையில் நனைந்துவிட்டது. மல்சுன் அதைக் கூடையிலிருந்து போர்வைமேல் கொட்டிப் பரப்பினாள்.

தரையைச் சூடாக்கும் ஸ்விட்சைப் போடப் போனார் பொங்சு. அதை மூடியபடி, போன குளிர்காலத்தில் அவரே எழுதி ஒட்டிய டேப் இருந்தது.

'அம்மா, தொடாதீங்க. இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கோங்க.'

டேப்பின் ஓரம்கூடப் பிரிந்திருக்கவில்லை.