பின்னால் எத்தனை கிலோ

அரசப்பன் மேஸ்திரி தரையில் மல்லாந்து படுத்து, நாலு சக்கரக் குவாட் பைக்கின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்பு பக்கத்தில் நின்று, துடைத்த ஹேண்டில்பாரையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான்.

விஷயம் இவ்வளவுதான். நாளைக் காலை ஐந்தரை மணிக்கு இதே பைக்கில் மேஸ்திரியின் ஒரே மகள் சுகிர்தாவை ஏற்றிக்கொண்டு அவன் ஓடப்போகிறான். அதற்காக வண்டியின் பின்பக்க ஷாக் அப்சார்பரை மேஸ்திரியிடமே கொண்டுவந்து சரிபண்ண வேண்டியிருந்தது.

கும்மிடிப்பூண்டியில் வேறு மெக்கானிக்கே இல்லையா என்றால், இருக்கிறார்கள். ஸ்பிரிங் விவகாரம் என்றால் அரசப்பனிடம் போ என்று அவர்களே கைகாட்டிவிடுவார்கள். திருடப் போகிறவன் அந்த வீட்டிலேயே ஏணி கேட்ட கதைதான்.

பைக், அன்பு வேலை பார்க்கும் இரும்பு மில் முதலாளியின் மகனுடையது. பந்தயம் விடுவதற்கென்று வரவழைத்தான், நாலு தடவை ஓட்டினான், படிக்க வெளிநாடு போய்விட்டான். துடைத்து வைத்து வாரம் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது அன்புவின் வேலை.

சாதாரண பைக்கில் ஓடலாமே என்று சுகிர்தாவும் கேட்டாள். தார் ரோடு முழுக்க அவள் சொந்தக்காரர்கள். பஸ் ஸ்டாண்டில் மூத்த பெரியப்பாவின் டீக்கடை, ரயில்வே கேட்டில் சின்ன பெரியப்பா. அந்த இரண்டு அண்ணன்மார் எதிரில் மேஸ்திரி இதுவரை வாய் திறந்ததில்லை. அன்புவின் வீடோ தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். அந்தப் பக்கத்துக்குப் பெண் கொடுப்பதில்லை. ஏன் என்று யாரும் கேட்பதுமில்லை.

மிச்சமிருப்பது ஆரணியாற்று மணல். அதைத் தாண்டிவிட்டால் கூட்டாளி யாசர் காரோடு நிற்பான். அங்கிருந்து திருவள்ளூர் ரிஜிஸ்டர் ஆபீஸ்.

நேற்று பின்னால் ஒரு மூட்டையைக் கட்டி ஆற்றில் ஓட்டிப் பார்த்தான். வண்டியின் வால் உட்கார்ந்து, அடிச்சட்டம் மணலைக் கொத்தியது.

மேஸ்திரியிடம் மூட்டையைப் பற்றி மூச்சு விடவில்லை. குதித்து ஓட்டினால் அடி தட்டுகிறது, ஓட்டுவது நான் ஒருத்தன்தான் என்றான். ஷாக்கை மாற்றவே வேண்டாம், கம்பெனி போட்டதே போதும், வைக்கிற மாதிரி வைத்தால் நிற்கும் என்றார் மேஸ்திரி.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் சொல்லும் எடையையும் நம்பமாட்டார். ஒன்பது டன் என்று சொல்லிவிட்டுப் பதினாலு டன் இரும்பு ஏற்றுகிற ஊரில் லாரிக்கு ஸ்பிரிங் பட்டை கட்டியே தலை நரைத்தவர். சொன்னதோடு பாதியைக் கூட்டித்தான் எதையும் வைப்பார். அன்பு நம்பி வந்ததே அந்தப் பாதியைத்தான்.

பக்கத்துப் பழைய இரும்புக் கடைத் தராசில் அவனை நிறுத்தினார். அறுபத்தொன்று. பைக்கில் உட்கார வைத்து, சட்டத்திலிருந்து தரைக்கு டேப் பிடித்தார். அப்படியே இரு என்று சைகை காட்டிவிட்டுப் போய், கடையின் எடைக்கற்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அன்புவின் முதுகுக்குப் பின்னால் ஒரு இருபது கிலோ கல்லை வைத்தார். இன்னொரு இருபது வைத்தார்.

பாதி என்றால் முப்பதுதானே என்று அன்புவுக்குத் தோன்றியது. தாராளமாக வைக்கிறார், நமக்கு நல்லதுதான் என்று சும்மா இருந்தான்.

பிறகு ஒரு ரெண்டு கிலோ கல். அதன்மேல் ஒரு கிலோ கல்.

அன்பு மனதுக்குள் கூட்டிப் பார்த்தான்.

சுகிர்தா நாற்பத்து மூன்று கிலோ. அவள் வேலை செய்யும் கம்பெனியில் ரத்ததான முகாம் நடந்தபோது, நாற்பத்தைந்துக்குக் கீழே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த அவமானத்தில் ரெண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தவள். வீட்டில் தெரியாமல் இருக்காது.

இறங்கி ஓடலாமா என்று பார்த்தான். பின்னால் நாற்பத்து மூன்று கிலோ இரும்பு. எதிரில், கையில் ஸ்பேனரோடு பெண்ணின் அப்பா.

மேஸ்திரி கற்களைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார். மறுபடி கடைக்குள் போய், ஒரு அஞ்சு கிலோ கல்லையும் கொண்டுவந்து சேர்த்தார்.

"துணிமணி" என்றார்.

 

அவர் வாலை ஜாக்கியில் தூக்கி, ஸ்பிரிங்கின் மேல் வளையத்தை ஸ்பேனரால் இறுக்கினார். இறக்கி அளந்தார். தூக்கி இன்னும் அரைச் சுற்று கொடுத்தார். மூன்றாம் தடவை அளந்தபோது வண்டி, வால் தாழாமல் சமமாக நின்றது. கடைசியாக அடியிலிருந்த சின்னத் திருகைக் கொஞ்சம் தளர்த்தினார். அதுக்குக் குலுக்கல் ஆகாது, பஸ்ஸில் பொன்னேரி போவதற்குள்ளேயே வாந்தி எடுக்கும் என்று டயரைப் பார்த்துச் சொன்னார்.

கற்களை ஒவ்வொன்றாக இறக்கிக் கீழே அடுக்கினார்.

அன்புவுக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று வருடமாக இந்த மனிதரைக் கண்டாலே சந்தில் நுழைந்து ஒளிந்தவன் அவன்.

மேஸ்திரி வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, அன்றைக்கு முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தார்.

"நாளிக்கு பத்து மணிக்கு, எங்க அண்ணனுங்க எதுர்ல, உன்ன கண்டபடி திட்டுவேன். உங்கம்மா வரைக்கும் போவும். மனசுல வெச்சிக்காத. அதுகிட்டயும் சொல்லிடு."