இடமிருந்து இரண்டாவது

பார்சலைப் பிரித்ததும் பிரிக்காததுமாக, சலூன்காரர் படத்தைச் சுவரில் மாட்டினார்.

நாற்காலியில் லாரி டிரைவர் முகமெல்லாம் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தார். இருக்கட்டும். பதினோரு வருடம் தேடிய படம்! நுரை காய்ந்தால் இன்னொரு தடவை போட்டால் போச்சு.

ரயில்வே பணிமனையின் ரக்பி அணி. பதினைந்து ஆட்டக்காரர்கள், நடுவில் பந்து. பழைய அணிப் படங்கள் சேர்க்கிறவர்கள், இதில் ஒரே ஒரு பிரதிதான் மிச்சம் என்று அடித்துச் சொல்வார்கள். இதற்காக அவர் தன்னிடமிருந்த மூன்று நல்ல படங்களை மாற்றிக் கொடுத்திருந்தார்.

ரக்பியில் அவருக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. அவருக்கு வேண்டியது ஒரு முகம். அவர் பிறக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்ட அப்பாவின் முகம். வீட்டில் இருந்த ஒரே படத்தையும் வெள்ளம் கொண்டுபோய்விட்டது. உங்கப்பனை அப்படியே உரித்து வைத்திருக்கிறாய் என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

கீழே பெயர்கள் அச்சாகியிருந்தன. பின்வரிசை, இடமிருந்து வலம். இரண்டாவது பெயர் அப்பாவுடையது.

விரல் வைத்து எண்ணினார்.

கிளிமூக்கு, படிய வாரிய தலை, சினிமாக் கதாநாயகன் மாதிரி ஒரு ஆள். அந்த மூக்குக்கும் சலூன்காரரின் சப்பை மூக்குக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. காது? அதுவும் இல்லை. அம்மா சும்மா ஆறுதலுக்குச் சொல்லியிருக்கிறாள், பாவம்.

மனசு விட்டுப்போய், கத்தியை எடுத்துக்கொண்டு நாற்காலிக்கு வந்தார்.

டிரைவர் கழுத்தைத் திருப்பவில்லை. பின்னால் வருவதைக் கண்ணாடியில் பார்த்தே பிழைக்கிறவர். எதிர்க் கண்ணாடியில் தெரிந்த படத்தைப் பார்த்து நுரைக்குள்ளிருந்து சிரித்தார்.

"பின்வரிசையில இடதுபக்கம் ரெண்டாவது ஆளு நீங்கதானே? பெரிய ஆட்டக்காரர் போலிருக்கே, சொல்லவேயில்ல!"

அந்தக் கிளிமூக்கனா நான்? எரிச்சலோடு நிமிர்ந்தார்.

கண்ணாடியில் முதலில் பட்டது பந்து. சுவரில் பார்த்தபோது அதில் ஏதோ சுண்ணாம்புக் கிறுக்கல் என்றுதான் நினைத்திருந்தார். கண்ணாடியில் அது தெள்ளத் தெளிவாக 1962.

அட! கண்ணாடியில் எண் இடம் வலம் மாறியல்லவா தெரிய வேண்டும்? நாற்பது வருடம் கண்ணாடி முன்னால் நின்றவருக்கு இது தெரியாதா? அப்படியென்றால் படமே மாறி விழுந்திருக்கிறது! எந்த ஸ்டுடியோக்காரனோ நெகடிவைத் திருப்பி வைத்துத் தொலைத்திருக்கிறான். பெயர்கள் சரி. ஆட்கள்தான் பக்கம் மாறி நிற்கிறார்கள்.

நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கத்தியைக் கீழே வைத்தார். இல்லாவிட்டால் டிரைவர் பாடு அதோகதிதான்.

கண்ணாடியிலேயே எண்ணினார். ஒன்று. இரண்டு.

சப்பை மூக்கு. விடைத்த காதுகள். நெற்றிக்கு மேலே, எவ்வளவு எண்ணெய் வைத்தாலும் படியாத ஒரு கொத்து முடி. அந்த முடியோடுதான் அவர் தினமும் காலையில் இதே கண்ணாடி முன்னால் மல்லுக்கட்டுகிறார்.

"நான் இல்ல சார்!" அவர் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "எங்கப்பா!"