பூட்டிய கடிதம்

"மறுபடியும் பாஸ்வேர்ட் தப்புங்குதுலா!"

மேலாளரின் நாற்காலியில், கணினிக்கு முன்னால் அற்புதராஜ் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு வலப்பக்கம், தொலைபேசியை மடியில் வைத்தபடி கணக்குப் பார்க்கும் குணவதி. கதவோரம், தன் டைப்ரைட்டருக்குப் பின்னால் உர்சுலா. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையிலிருந்த அந்தக் கப்பல் ஏஜென்சிக் கிளையில் மொத்தமே நாலு பேர். நாலாவது ஆளான மேலாளர் விஸ்வலிங்கம் காலையில்தான் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் போயிருந்தார்.

கிளையை ஏன் மூடக்கூடாது என்று லண்டன் தலைமையகம் கேட்டிருந்தது. ஐந்து மணி கூரியரில் பதில் போகாவிட்டால் கதவைச் சாத்தவேண்டியதுதான். 1986ஆம் வருஷம். வெளியே வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு. விஸ்வலிங்கம் பதிலை எழுதி, கணினிக்குள் பூட்டி வைத்துவிட்டார். உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

"சரியாத்தான் கேட்டீங்களா, குணவதியக்கா?"

"ஆபரேஷனுக்குப் போக முன்னம் அவரே சொன்னவர். தான் டைப்பிஸ்டா வேலையில சேர்ந்த வருஷமாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொண்டு."

"அதைத்தான் இருபது தடவை அடிச்சுட்டேன். மெஷின் வித்தவனும் கையை விரிச்சுட்டான். அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம் வேற!"

மணி நாலேகால். உர்சுலா எழுந்து வந்தாள்.

"நகரு, தம்பி."

"உங்களுக்குத்தான் இந்தப் பெட்டியே பிடிக்காதேக்கா!"

"பிடிக்காதுதான். தெரியாதுன்னு சொன்னேனா?" அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "பழைய டைப்ரைட்டர்ல ஒண்ணுக்குன்னு தனிக் கீ கிடையாது. சின்ன 'எல்'தான் அடிப்போம். சார் கையும் அந்தக் காலத்துக் கைதானே?"

ஒன்று வரவேண்டிய இரண்டு இடங்களிலும் 'எல்' அடித்தாள். திரையில் கடிதம் விரிந்தது.

"முருகா!" என்று குணவதி கைகூப்பினாள்.

"அக்கா, உங்களுக்குக் கோயிலே கட்டணும்!"

"நான் வேதக்காரிடா. சர்ச்சாக் கட்டு." உர்சுலா சிரித்தாள். "கான்ஃபிடென்ஷியல்னு போட்டிருக்கு. ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்புங்க."

திரும்பினார்கள். முதுகுக்குப் பின்னால் விசை தட்டும் சத்தம் ஓரிரு முறை கேட்டது.

"நம்மளக் காப்பாத்துமாக்கா?" அற்புதராஜால் பொறுக்க முடியவில்லை.

"காப்பாத்தும். சார் நல்லாத்தான் எழுதியிருக்காரு. ஒரே ஒரு எண்ணு தப்பு. திருத்திட்டேன்."

விஸ்வலிங்கம் முன்பே கையெழுத்திட்டு வைத்திருந்த தாளில் கடிதம் கரகரவென்று அச்சாகி வந்தது. அவள் அதை வரிவரியாகச் சரிபார்த்தாள். ஓரம் பிசகாமல் மூன்றாக மடித்து, உறையில் இட்டு ஒட்டினாள். யாரிடமும் தரவில்லை. தானே கீழே கொண்டுபோனாள்.

அற்புதராஜ் சன்னலில் எட்டிப் பார்த்தான். கூரியர்காரனிடம் உறையை நீட்டி, அவனிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள். மோட்டார்சைக்கிள் முனை திரும்பி மறைந்தது. என்ன பொம்பளைடா சாமி, என்று வியந்தபடியே அவன் கணினியை அணைக்கத் திரும்பினான்.

கடைசிப் பத்தியில், அவள் திருத்திய எண்ணுக்குப் பக்கத்தில் கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது: 'கணினி வந்துவிட்டபடியால், 19 ஆண்டுகள் பணியாற்றிய டைப்பிஸ்ட் உர்சுலாவை நிறுத்திவிட்டாலே போதும், கிளையை மூடத் தேவையில்லை.'