ஆடுகிற மேஜை

சபரியின் கட்டைவிரலில் சுற்றியிருந்த பிளாஸ்திரியையும் கூடத்தின் நடுவே இருந்த குட்டி மர மேஜையையும் மாறி மாறிப் பார்த்தார் கிருஷ்ணஸ்வாமி. வந்த காரியம் இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவர் நினைக்கவில்லை.

"வீட்டுலயே பண்ணினதா?"

"ஆமா அங்கிள். பால்கனியில வெச்சுத்தான்" என்றான் சபரி.

கிருஷ்ணஸ்வாமி புனேயை ஒட்டிய பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவுக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஒரு சாமானைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினால், அது நேராகக் கழிவுக் குவியலுக்குத்தான் போகும். இன்றைக்கு மகள் மீனுவையும் கூட்டிக்கொண்டு நிக்டியிலிருந்து கோந்த்வா வரை காரோட்டி வந்தது, அவள் கட்டிக்கொள்ள ஆசைப்படும் பையன் சபரியைப் பார்ப்பதற்காக அல்ல. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடி.

நிஜக் காரணம் ஏற்கெனவே அவரிடம் இருந்தது. பையனின் அப்பா பரமசிவம் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் தொழிலாளியாக இருந்தவர், ஜாதியும் வேறு. அதை வாய்விட்டுச் சொன்னால் மீனு மறுநாளே ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் போய் நிற்பாள். அதனால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு குறை வேண்டியிருந்தது.

சபரியின் அம்மா தமிழரசி நீட்டிய தட்டை, அவலைத் தாளித்துச் செய்த போஹாவை, வாங்காமல், குனிந்து மேஜையைத் தலைகீழாகக் கவிழ்த்தார்.

"கால்ல துளை போட்டு, குறுக்குச் சட்டத்தோட நுனியை நாக்கு மாதிரி செதுக்கி உள்ள செருகணும். அதுதான் முறை. இது என்ன, நடுவுல மரக் குச்சியை வெச்சு ஒட்டியிருக்கு?"

சபரி மீனுவை ஒரு பார்வை பார்த்தான். "மொதல்ல நீங்க சொல்ற மாதிரிதான் அங்கிள் செஞ்சு பாத்தது. துளை போடும்போது கால் பிளந்துடுச்சு. அதனாலதான் குச்சியும் பசையும்."

"ஒருதரம் பிளந்தா விட்டுடறதா? பொறுமைங்கறது மருந்துக்கும் கிடையாது." சபரி அந்த இடத்திலேயே இல்லாதது போல இதைப் பரமசிவத்திடம் சொன்னார். "மேல் பலகையாவது கெட்டியா இருக்கான்னு பார்த்தா, வெறும் ஸ்க்ரூ. அதுக்குப் போட்ட ஓட்டை ஸ்க்ரூவைவிடப் பெரிசு."

"மழைக்காலத்துல பலகை உப்பும்பா" என்றாள் மீனு. "நகர்றதுக்கு இடம் வேணும்னுதான் ஓட்டையை நீளமா விட்டிருக்கு."

"நீ சும்மா இரு. காதல் வந்துட்டா ஓட்டையெல்லாம் டிசைனாத்தான் தெரியும்."

மேஜையை நிமிர்த்தி வைத்து ஒரு மூலையை அழுத்தினார். கால் ஒன்று டக் டக்கென்று தரையைத் தட்டியது. அந்தச் சத்தம் அவருக்கு இனித்தது. இன்னும் இரண்டு முறை தட்டவிட்டுக் கேட்டார். பிறகு சட்டம் சேரும் இடத்தை நகத்தால் சுரண்டி, உதிர்ந்ததை எல்லோரும் பார்க்கும்படி ஊதினார்.

"பொருந்தாத இடத்துல மரத்தூளைப் பசையில குழைச்சு அப்பி, மேல பாலிஷ் அடிச்சிருக்கு. எங்க ஃபேக்டரியில இதுக்குப் பேரு வேலை இல்லை, ஏமாத்து."

"அடுத்த தடவை சரியா வரும் அங்கிள்" என்றான் சபரி.

"என் பொண்ணு வாழ்க்கையில அடுத்த தடவைங்கறதெல்லாம் கிடையாதுப்பா."

பரமசிவம் சங்கடத்தோடு சிரித்தார். "பழக்கம் இல்லாத கை சார். ஏதோ ஆசைக்குச் செஞ்சது. போஹா ஆறுது, சாப்பிடுங்க."

அந்தப் பணிவுதான் கிருஷ்ணஸ்வாமியை இன்னும் தூண்டிவிட்டது.

"குறை கையில இல்லை சார், புத்தியில. அவசரம், அரைகுறை, பண்ணின தப்பைப் பூசி மெழுகறது. இதெல்லாம் ஒரே நாள்ல வந்துடாது. வளர்த்தவாளைத்தான் சொல்லணும். என் ஆம்படையாள் போனப்பறம் ஒத்தை ஆளா நானும்தான் ஒரு குழந்தையை வளர்த்தேன். இந்த மேஜையைப் பார்த்தாலே, பண்ணினது எப்பேர்ப்பட்ட வீட்டுல வளர்ந்ததுன்னு நான் சொல்லிடுவேன்."

தமிழரசி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சபரி வேண்டாம் என்று தலையசைத்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பரமசிவம் தன் காலடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கிருஷ்ணஸ்வாமிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஜாதியைப் பற்றி ஒரு வார்த்தை வாயிலிருந்து வரவில்லை. இனி யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்தார்.

"வா மீனு, கிளம்பலாம்."

மீனு எழுந்தாள். வாசல் பக்கம் வரவில்லை. தமிழரசியின் கையிலிருந்த தட்டை வாங்கி மேஜைமேல் வைத்தாள். அவள் முகம் சிவந்திருந்தது. குரல் மட்டும் நிதானமாக வந்தது.

"இவாளை எதுக்குத் திட்டறேப்பா? சபரி மரத்தைப் பிடிச்சுண்டு விரல்ல அடி வாங்கினதோட சரி. அந்த டேபிள் நான் பண்ணினது."