வாளையாறு தாண்டினால்

நவநீதனின் காதுக்குள் இருக்கும் செவிக்கருவி சிம் கார்டில் இயங்குவது. ரயில் வாளையாறு தாண்டினால் தமிழ்நாட்டு நெட்வொர்க் போய்விடும். கேரளத்துக் கம்பெனி செட்டிங்ஸ் அனுப்பி, அது பதிவாகும்வரை அவருக்கு எதுவுமே கேட்காது. கஞ்சிக்கோடு ஸ்டேஷனில்தான் காது திறக்கும்.

பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் மனைவி கோகிலவாணி அந்த இடைவெளிக்காகக் காத்திருப்பாள். அவர் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலோடு பேசி மனப்பாரத்தை இறக்கிக்கொள்வாள்.

இன்று கம்பெனிக்காரன் செட்டிங்ஸைக் கோயம்புத்தூரிலேயே அனுப்பிவிட்டான். வாளையாறு தாண்டியும் அவர் காதில் ரயில் சத்தம் நிற்கவில்லை. அதைச் சொல்ல அவர் வாயெடுப்பதற்குள் அவள் தொடங்கிவிட்டாள்.

"வலி தாங்க முடியலீங்க. மாத்திரைக்கும் கேக்கறதில்ல. உங்ககிட்டச் சொன்னா நீங்க உடைஞ்சு போயிருவீங்க. இன்னிக்கு டாக்டர் கைய விரிச்சிட்டா, உங்களை யாருங்க பாத்துக்குவா?"

அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கஞ்சிக்கோடு வந்ததும் வழக்கம்போல் காதைத் தட்டினார்.

"இப்பத்தான் கேக்குது. என்னமோ சொன்னியே?"

"வெயில் மூஞ்சில அடிக்குதுன்னு சொன்னேனுங்க."

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

"ஆமா கோகிலா, சரியான வெயிலு" என்றபடி ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டார்.